பக்கத்து பெஞ்ச்: ஸ்கோர் எழுதும் பையன்

(மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 31 ஆண்டுகள் சிறப்பாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறான். பி.டி. பீரியட் வந்தால் அவன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "சந்தோஷமாத்தான் எழுதறான். கீழே விழுந்து அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்கிறார்கள். போய்ச் சண்டை போடட்டுமா?
– ஒரு தாய்

பதில்: சண்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள் அம்மா. அந்த ஸ்கோர் நோட்டை ஒரு பையன் கையில் திணித்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கால் இரண்டும் வராது, கை நடுங்கும். மற்றவர்கள் கிரிக்கெட் ஆடும்போது அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவனும் கோடு போட்டு, தேதி போட்டு, ஒரு பந்து விடாமல் எழுதினான். நடுங்குகிற கையால் அவ்வளவு நேர்த்தி. "பாருங்க, இவனும் கலந்துக்கறான்" என்று ஆசிரியர் அறையில் அந்த நோட்டைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். வருடக் கடைசியில் நோட்டு முழுவதையும் புரட்டினேன். பின்பக்கத்தில், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்த இடத்தில், ஒரு டீம் பட்டியல். கேப்டன் இடத்தில் அவன் பெயர். அதற்குக் கீழே, நடக்கவே நடக்காத ஓர் ஆட்டத்துக்கு ஓவர் ஓவராகக் கணக்கு. அவன் எடுத்த ரன் 43. நாட் அவுட்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் "சந்தோஷமா எழுதறான்" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. வேறெதுவும் கிடைக்காத பிள்ளை கிடைத்ததைச் சந்தோஷமாகத்தான் செய்யும்.

போச்சா என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பி.டி. மாஸ்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். பெருமூளை வாதம் உள்ளவர்கள் ஆடுவதற்கென்றே வளர்ந்தது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, குறியாக ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. நம் கோலிக்குண்டு மாதிரிதான். கையால் எறியலாம், காலால் உதைக்கலாம். இரண்டும் முடியாதவர், சாய்வாக நிறுத்திய ஒரு தடத்தின் உச்சியில் பந்தை வைத்து உருட்டிவிடலாம். தலையில் மாட்டிய குச்சியால் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. தடத்தைத் திருப்பி வைக்க ஓர் உதவியாளர் இருப்பார். அவருக்கு ஒரு விதி: ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. "இடது பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று தீர்மானிக்க வேண்டியவர் ஆடுகிறவர். உதவி செய்கிற எல்லோரும், நான் உள்பட, வருடம் ஒரு முறை இந்த விதியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கு அசல் தோல் பந்து தேவையில்லை. பழைய காலுறைக்குள் துணியும் கொஞ்சம் மணலும் அடைத்துத் தைத்தால் உருண்டு ஓடாத பந்து. நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய்தான் தடம். முக்கியமான விஷயம், வகுப்பு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து ஆட வேண்டும். அவனுக்கென்று ஒரு மூலையில் தனி ஆட்டம் என்று ஆரம்பித்தால் ஸ்கோர் நோட்டுக்குப் பதில் பந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாலிபாலில் பந்துக்குப் பதில் பலூன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பலூன் மெதுவாக இறங்கும், கை எழும்ப நேரம் கிடைக்கும். அடிபடும் என்ற பயத்துக்கு பெல்ட், பிரேக், நாற்காலி பின்னால் சாயாமல் தடுக்கும் சின்னச் சக்கரம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற பிள்ளைகளும்தான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள்.

சண்டை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் பந்து எத்தனை தடவை அவன் கைக்கு வந்தது?" எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். எண்ண ஆரம்பித்த ஆசிரியருக்குப் பூஜ்யம் என்று எழுதக் கூச்சமாக இருக்கும். ஸ்கோர் நோட்டு? அது முறை வைத்து எல்லோர் கைக்கும் போகட்டும். அவன் முறை வரும்போது அவனும் எழுதட்டும்.

கேள்வி: என் தோழிக்குக் காது கேட்காது. மிஷின் போட்டிருக்கிறாள். ஆனாலும் வகுப்பில் பாதி புரியவில்லை என்கிறாள். மிஷின் போட்டால் கேட்கும்தானே? நான் என்ன உதவி செய்யலாம்?
– ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: பெரியவர்களே கேட்கத் தவறும் கேள்வியைக் கேட்டிருக்கிறாய், கண்ணு.

மூக்குக் கண்ணாடி மாதிரி காது மிஷினையும் நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடி போட்டதும் மங்கல் போய் எழுத்து துல்லியமாகிவிடும். மிஷின் முக்கியமாகச் சத்தத்தைப் பெரிதாக்கும். டீச்சர் குரலோடு மின்விசிறிச் சத்தம், பெஞ்ச் இழுக்கிற சத்தம், பின்னால் யாரோ பேனா மூடியைக் கடிக்கிற சத்தம் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். பேசுகிறவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தால் சமாளிக்கலாம். தள்ளிப் போகப் போகப் பேச்சு கரைந்து இரைச்சல் மிஞ்சும்.

மீதியை அவள் டீச்சரின் உதட்டில் படிக்கிறாள். அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமா? கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் "பணம்" என்று சொல். அப்புறம் "மணம்" என்று சொல். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் பிறக்கிற சத்தம், வெளியே தெரியவே தெரியாது. ஆக, அவள் கேட்பதில் பாதி ஊகம். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த ஊகமும் போச்சு. ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசினாலும் முகம் இருட்டாகிவிடும்.

நீ செய்யக்கூடியது நிறைய. உதட்டையும் நோட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதால் உன் நோட்டை அவளுக்குக் கொடு. யாராவது பின்வரிசையிலிருந்து பதில் சொன்னால், யார் பேசுவது என்று விரலால் காட்டு. அவள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். எங்கே உட்கார வசதி என்று அவளிடமே கேள். முதல் வரிசை நடு இடம்தான் நல்லது என்று நாங்கள் நினைப்போம். இரண்டாவது வரிசை ஓரத்தில் இருந்தால் டீச்சரையும் பார்க்கலாம், திரும்பினால் வகுப்பையும் பார்க்கலாம் என்று என்னிடம் ஒரு மாணவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெஞ்ச், நாற்காலிக் கால்களுக்கு அடியில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டினால் பாதி இரைச்சல் அடங்கும். இதற்கு டீச்சர் அனுமதி வாங்கு!

எல்லோரும் சிரிக்கும்போது "என்ன, என்ன?" என்று அவள் கேட்பாள் இல்லையா? "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதே. அந்த "அப்புறம்" வரவே வராது என்று காது கேளாத எல்லோருக்கும் தெரியும். மொக்கை ஜோக்காக இருந்தாலும் அப்போதே சொல்லிவிடு.

அவள் சைகை மொழி பேசுபவள் என்றால் நீயும் கற்றுக்கொள். 1880-ல் மிலான் நகரத்தில் ஒரு மாநாடு கூடி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழிக் கல்விதான் சிறந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அங்கே கை தூக்கியவர்கள் அனேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகள் கையை அசைத்துப் பேசினாலே தண்டனை என்று ஆனது. அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டு அமைப்பு தவறென்று ஒதுக்கியது 2010-ல், வான்கூவரில். நடுவில் 130 வருடம். உனக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு விடுமுறை போதும், அரட்டை அடிக்கிற அளவுக்கு வந்துவிடும்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த வருடம் பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். புத்திசாலி. ஆனால் வடிவியலை அவளுக்கு எப்படி நடத்துவது? அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்பதுதான் நியாயம் என்று தோன்றுகிறது.
– ஒரு கணித ஆசிரியர்

பதில்: விலக்கு யாருக்கு சார், அவளுக்கா உங்களுக்கா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் கணக்கு டீச்சராகத்தான் ஆரம்பித்தேன். அதனால் உரிமையோடு கேட்கிறேன்.

நாளைக்கு வகுப்பில் உங்கள் பேச்சையே கொஞ்சம் கவனியுங்கள். "இதை இதோட கூட்டினா இது வருது, இப்ப இதை இங்க கொண்டு வந்துட்டா..." பலகையைப் பார்க்கிற பிள்ளைக்கு அது கணக்கு. அவளுக்கு வெறும் இது, இது, இது. எழுதுவதை எல்லாம் வாயால் சொல்லுங்கள். சொல்வதிலும் பொறி இருக்கிறது. "எக்ஸ் கூட்டல் ரெண்டு பை மூணு" என்றால் மூன்றால் வகுபடுவது இரண்டு மட்டுமா, மொத்தமுமா? "தொகுதியில் எக்ஸ் கூட்டல் ரெண்டு, பகுதியில் மூணு" என்று பழகிக்கொள்ளுங்கள். முதல் வாரம் நாக்கு இடறும். அதற்குப் பிறகு, பார்வை உள்ள பிள்ளைகளும் அடைப்புக்குறித் தப்புகளைக் குறைத்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

படத்துக்கு: ஒரு பலகை மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பால் பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் கோடு மேடாக எழும்பும், விரலில் தட்டுப்படும். நூலை ஒட்டியும் படம் செய்யலாம். அப்படி நூல் ஒட்டி நான் செய்த ஒரு முக்கோணத்தை ஒரு மாணவி தடவிப் பார்த்துவிட்டு, "இது முக்கோணமே இல்ல டீச்சர்" என்றாள். ஏன் என்றேன். விரலை ஒரு மூலையில் வைத்து நிறுத்தினாள். அங்கே இரண்டு நூலும் சேரவில்லை. ஒரு மயிரிழை இடைவெளி. மூடிய உருவம் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் அவளுக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். கனசதுரத்தைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறபடி சாய்த்து வரைந்து, அதையே மேடாக்கி அவள் கையில் கொடுக்காதீர்கள். தூரத்தில் இருப்பது சின்னதாக, சாய்வாகத் தெரியும் என்பது கண்ணின் வழக்கம், விரலுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. சும்மா ஒரு பெட்டியைக் கொடுங்கள். அதைப் பிரித்து விரித்தால் ஆறு சதுரம். கோணத்தை இருசமமாக்கத் தாளை மடித்தால் போதும்.

எண் கணக்குக்கு டெய்லர் ஃபிரேம் இருக்கிறது. எண்கோண நட்சத்திர வடிவ ஓட்டைகள் கொண்ட பலகை. அதில் செருகுகிற சின்ன உலோக அச்சின் ஒரு முனையில் ஒரு கோடு, மறு முனையில் இரண்டு புள்ளி. எட்டுத் திசையில் திருப்பலாம், தலைகீழாக்கி இன்னும் எட்டு. ஆக 16 குறிகள். ஒரு பீரியட் உட்கார்ந்தால் நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

லூயி பிரெய்ல் மூன்று வயதில் தோல் வேலை செய்யும் அப்பாவின் பட்டறையில் கூரான கருவியால் கண்ணைக் குத்திக்கொண்டவர். 1824-ல், 15 வயதில், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிவிட்டார். அவர் படித்த பாரிஸ் பள்ளியே அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-ல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. அதற்கு முன்பு அங்கே இருந்தது மேடாக அச்சடித்த சாதாரண எழுத்து. ஆசிரியர்கள் அதை விட மறுத்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் கண்ணுக்கு வசதி. விலக்குப் பற்றி யோசிக்கும்போது இதையும் யோசியுங்கள், சார்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் கதை சொன்னால் ஊரே வாய் பிளக்கும். வாசிக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டுகிறது. எழுத்துகள் இடம் மாறுகின்றன. "சோம்பேறி" என்று ஐம்பது தடவை எழுத வைக்கிறார்கள். கண் பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு தாத்தா

பதில்: கண்ணையும் காதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள் ஐயா. அவை சரியாக இருந்தால் கண் பயிற்சியில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், தகுந்தவரிடம் காட்டி மதிப்பீடு செய்யுங்கள். அதில் முக்கியமான சிக்கல் சொல்லுக்குள் இருக்கும் சத்தங்களைப் பிரித்து எழுத்தோடு கோப்பதில்தான். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். உங்கள் பேரன் மாதிரியே.

"பால்" என்று சொல்லி முதல் சத்தத்தை மாற்றச் சொல்லுங்கள்: கால், வால். மணலில் எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே அதன் சத்தத்தை உரக்கச் சொல்லட்டும். தினம் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கொம்பு வரும் எழுத்தில் பொறுமை தேவை. "கொ" என்று சொல்லும்போது முதலில் வருவது க் சத்தம்; தாளில் முதலில் நிற்பதோ கொம்பு. தமிழ் பிரெய்லில் இந்த வம்பு இல்லை, க முதலில், ஒ அடுத்து, காது கேட்ட வரிசையில் இருக்கும். (பார்வை உள்ள நமக்குத்தான் இந்தச் சுற்று வழி!) ஐம்பது தடவை எழுதினால் ஒரு தப்பை ஐம்பது தடவை பழகுவான். அதை நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்க வைப்பதையும்.

கேள்வி: என் மகள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன். திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். மற்ற பிள்ளைகளின் படிப்புக் கெடாதா? தனிப் பள்ளிதானே அவனுக்கும் நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: எப்போது கத்துகிறான் என்று உங்கள் மகளைக் கேளுங்கள். பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மணி அடிக்கும்போதா, கால அட்டவணை மாறும்போதா, நாற்பது பேரும் ஒன்றாகக் கத்தி ஒப்பிக்கும்போதா? உங்களுக்கும் எனக்கும் மணிச் சத்தம். அவன் காதுக்கு அது ஆணி. மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு அட்டையைக் காட்டினால், அன்றைய பாடங்களைப் படமாக வரிசையாக மாட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினால், சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை இருந்தால், முக்கால்வாசிக் கத்தல் வராமலே போய்விடுவதை நான் பல வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் இல்லாமல் அவனை உட்கார மட்டும் வைத்திருந்தால் படிப்புக் கெடத்தான் செய்யும், முதலில் அவனுடையது. புகார் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்: அந்த வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும் என்று. அவனை வெளியே அனுப்பச் சொல்லி எழுதாதீர்கள். குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு சொல்கிறது.

கேள்வி: பரீட்சையில் எனக்கு ஸ்கிரைப் தருகிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். ஆனால் பதில் தெரிந்தும் சொல்ல வரமாட்டேன் என்கிறது.
– பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: சொல்லி எழுத வைப்பது தனி வித்தை, தம்பி. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்றிலிருந்து வீட்டில் யாரையாவது உட்கார வைத்து வாரம் இரண்டு பதில் சொல்லிப் பழகு. முதலில் மூன்று குறிப்பு எழுதச் சொல், அப்புறம் வாக்கியம். சொல்லி முடித்ததும் ஒரு முறை திருப்பி வாசிக்கச் சொல். படம் என்றால் "மேலே இடது மூலையில் ஆரம்பி" என்று கட்டளை போடு. கூச்சப்படாதே, அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர் உன் கை.

கேள்வி: என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். பதினோரு வயது. பள்ளி நாடகத்தில் நான்கு வருடமாக மரம். இந்த வருடமும் மரம்தானாம். "மேடையில இருக்காளே, அது போதாதா?" என்கிறார் வகுப்பு டீச்சர்.
– ஒரு தாய்

பதில்: நான்கு வருடத்தில் அந்த மரம் காய்த்தே இருக்கும் அம்மா!

என்ன வேஷம் வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்டுவிட்டு டீச்சரிடம் போங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது சிரமம், கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். அதனால் வசனத்தை வாயால் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் தடுமாறுவாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் போட்ட அட்டை செய்து, வரிசையாக அடுக்கிக் காட்டுங்கள். வரி சின்னதாக இருக்கட்டும். மற்றவர்கள் இரண்டு வாரம் முன்னால் ஒத்திகை ஆரம்பித்தால் அவள் ஆறு வாரம் முன்னால் ஆரம்பிக்கட்டும். தனியாகப் பேசுவதைவிட, இன்னொருவர் கேட்டு இவள் பதில் சொல்வது மாதிரியான காட்சி எளிது.

எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு அரண்மனைக் காவலாளி வேஷம் கொடுத்தோம். ஒரே வசனம்: "யாரது?" யார் வாசலுக்கு வந்தாலும் ஈட்டியை நீட்டி அதைக் கேட்க வேண்டும். நாடகம் முழுக்க நான்கு தடவை. மூன்று தடவை சரியாகக் கேட்டாள். நான்காவதாக வந்தது ராஜா வேஷம் போட்ட பையன். அவனுக்கு மேடையில் எல்லாம் மறந்துபோய் "நான்தான்" என்றான். அவள் ஈட்டியை இறக்கவில்லை. "நான்தான்னா, யாரு?" என்றாள்.

அந்த வரியை நான் எழுதவில்லை. அரங்கம் சிரித்து முடிக்கும்வரை ராஜா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.